கொல்லன் தெருவில் ஊசி

டியர்போர்ன், வாரன் அவென்யூ.
காலை ஏழேகால். வெளியே பனி
உப்பில் கரைந்து சாம்பல் கூழாய்க் கிடக்கிறது.
இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கதவைப் பாதி திறந்து
"ஹத்தாத்" என்கிறேன்.

ஐந்து பேர் எழுகிறார்கள்.

கழுத்தில் சிலுவை தொங்கும் பல்மருத்துவர்.
முக்காடிட்ட ஏழுமாதக் கர்ப்பிணி.
மல்யுத்தச் சட்டையோடு வந்த பள்ளிக்கூடத்துப் பையன்.
முழங்கையில் எள் ஒட்டிய பேக்கரிக்காரர்.
மோசூலிலிருந்து வந்து ஒன்பதே மாதம் ஆன,
எழுவதா வேண்டாமா என்று பாதியில் நிற்கும் ஒருவர்.
ஒருவருக்கொருவர் உறவில்லை.
இப்படி எழும்போது மட்டும்
பங்காளிகள் போல் சிரித்துக்கொள்கிறார்கள்.

ஹதீத் என்றால் இரும்பாம்.
அதை அடிப்பவன் ஹத்தாத்.
ஊருக்கு ஓர் உலை, உலையடியில் ஒரு வீடு.
"எந்த வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்டால்
கைகாட்ட ஒரு புகை.
லாடமும் கொழுமுனையும்
எந்தச் சாமிக்கு நேர்ந்துகொள்கிறாய் என்று கேட்பதில்லை,
பெயரும் கேட்கவில்லை.

போன மாதம் மட்டும் முப்பத்தொரு ஹத்தாத்.
பத்து நஜ்ஜார், அவர்கள் தச்சர்.
நாலு கய்யாத், தையல்காரர்.
சாப்பிடாமல் வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் இவர்களை வைத்து
ஓர் ஊரே கட்டிவிடலாம்.

"பழங்காலத்து இடிக்கடவுள் பெயரும் இதுதான்"
என்றார் பல்மருத்துவர், சட்டைக்கையைச் சுருட்டியபடி.
"அந்த ஹ வேறு, இந்த ஹ வேறு!"
பேக்கரிக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது.
தொண்டையின் எந்த அறையிலிருந்து எது வரும் என்று
இருவரும் மாறிமாறி மூச்சுவிட்டுக் காட்டினார்கள்.
எனக்கு இருப்பதே ஒரு ஹ, அதுவும் இரவல்.
பேசாமல் பஞ்சை நனைத்தேன்.

மூலையில் இருந்தவர் எழவில்லை,
கையை மட்டும் தூக்கினார். "நானும்தான்."
பட்டியலில் அவர் ஸ்மித்.
பாட்டனாருக்குத் தகப்பன் கார் தொழிற்சாலையில் சேர்ந்த அன்று
மேஸ்திரியின் நாக்குக்குப் பெயர் மடங்கவில்லையாம்.
காய்ச்சினார், வளைத்தார்,
பொருளை இடுக்கியில் பிடித்துக்கொண்டு
ஓசையைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.
"உஸ்ஸென்று சத்தம் வந்திருக்கும்" என்றார் ஸ்மித்.
அவருக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டம்,
மூன்று முறை குத்த வேண்டியிருந்தது.

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள் எங்கள் பக்கம்.
நான் விற்கவில்லை.
குத்துகிறேன், மணிக்குப் பன்னிரண்டு பேர்.

என் மார்பு அட்டையில் இருப்பது அப்பாவின் பெயர்.
விசாப் படிவத்தில் கடைசிப் பெயர் என்றொரு கட்டம்,
காலியாக விடக் கூடாது என்றார்கள்,
அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தேன்.
ஊசியைக் கண்டால் மயங்கி விழும் மனிதர்.
தினமும் காலையில் அவரைக் கூப்பிடுகிறார்கள்:
"பூவராகன், நாலாம் அறையில் ஒரு கை காத்திருக்கிறது."

வியாழக்கிழமை கர்ப்பிணியின் முடிவு வந்தது.
ருவைதா ஹத்தாத். ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்பது.
மறுபரிசோதனைக்கு வந்தவளிடம்
"இரும்பு குறைவு" என்று டாக்டர் சொல்ல,
அவள் ஒரு கணம் விழித்து, பிறகு
வயிறு குலுங்கச் சிரித்தாள்.
"இருந்ததையெல்லாம் குதிரைகளுக்கே அடித்துப்
போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.
அதுவும் என் வீட்டுக்காரருடைய ஆட்கள்.
நான் பிறந்தது சப்பாக் வீட்டில், சாயக்காரர்கள்."

டப்பாவில் இரும்பு மாத்திரை குலுங்கியது.
"உன் பெயருக்கு என்ன அர்த்தம்?"
என் அட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

பன்றி என்று இவளிடம் எப்படிச் சொல்வது?
கடலடியில் கிடந்த பூமியைக்
கொம்பில் ஏந்தி மேலே கொண்டுவந்த
அந்தக் கதையை முழுக்கச் சொல்ல நேரமில்லை,
வெளியே பதினாலு பேர்.
"பூமியைத் தூக்கியவர்" என்றேன்.

"அப்பாடா, எவ்வளவு கனம்!" என்று
தன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.
"அவருக்கும் இரும்பு பார்த்தீர்களா?"